பிளேஸ்மென்ட் செல்லுக்குச் சமூக ஊடகத் திட்டம்: கோவையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்து எழுதுகிறேன்

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நிதித்துறை நிறுவனம் ஒன்று எங்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்க ஒப்புக்கொண்டது. அன்று மாலை நான்கு மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று காலை பத்தேகாலுக்கு இறுதியாண்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அதே குரூப்பில் துறை விழாவுக்கு என்ன நிறத்தில் புடவை கட்டுவது என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்ட செய்தி மதியத்துக்குள் இருநூறு செய்திகளுக்கு அடியில் போய்விட்டது.

மறுநாள் பி.காம். சி.ஏ. மாணவி ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். "மேம், நான் பார்க்கவே இல்ல மேம்." டேலி கணக்கு மென்பொருளிலும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னிலும் அந்த வகுப்பில் அவளுக்கு மேல் ஆள் கிடையாது. அப்பாவுக்கு மஞ்சள் மண்டியில் கூலி வேலை. நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தேன். பட்டியலை மேலே அனுப்பிவிட்டோம் என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வாரமே இந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டினேன்.

நான் கோபி பக்கம் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியர். ஐந்து வருடமாக, மாணவர்களுக்கு வேலை தேடித்தரும் பிளேஸ்மென்ட் செல்லையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறேன். வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு இருக்கிறது. அது போக மிச்சம் கிடைக்கும் நேரத்தில்தான் கம்பெனிகளுக்குப் போன் செய்வதும் மாணவர்களைத் தயார் செய்வதும். எங்களைப் போன்ற கல்லூரிகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை என்பதால், இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். பயிற்சியில் நல்லதும் இருந்தது, குறையும் இருந்தது. குறைகளையும் வெளிப்படையாகச் சொல்லப் போவதால் நடத்தியவர்கள் பெயரை எழுதவில்லை.

கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கான சமூக ஊடகத் திட்டமிடல் என்பது பாடத்தின் தலைப்பு. சனி, ஞாயிறு இரண்டு நாள் நேரில். அதன்பின் ஒரு மாதம் வாரம் ஒருமுறை ஆன்லைனில் சந்திப்பு. கட்டணம் 4,500 ரூபாய், 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 5,310. பாதியை நிர்வாகம் கொடுத்தது, பாதி என் கைக்காசு. வந்திருந்த 34 பேரில் முக்கால்வாசிப் பேர் பொறியியல் கல்லூரிக்காரர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும். இடம், சாப்பாடு, ஏசி எல்லாம் சரியாகவே இருந்தன.

முதல் நாள் காலையில் கொடுத்த பயிற்சிக்கே என் பணம் தேறிவிட்டது. அவரவர் கல்லூரி பிளேஸ்மென்ட் பக்கத்தைத் திறந்து, கடைசியாகப் போட்ட 30 பதிவுகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, "இது யாருக்குப் பயன்பட்டது?" என்று பக்கத்தில் எழுத வேண்டும். மாணவருக்கா, வேலை கொடுப்பவருக்கா, நம் நிர்வாகத்துக்கா. அவ்வளவுதான்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்து, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, குத்துவிளக்கு ஏற்றுதல், கருத்தரங்கு பேனர் முன்னால் குரூப் போட்டோ: 19. பண்டிகை வாழ்த்து: 7. தேர்வானவர்கள் படம் போட்ட போஸ்டர்: 3. மாணவர் ஒருவர் பார்த்துவிட்டு உடனே ஏதாவது செய்யக்கூடிய பதிவு: 1. அந்த ஒன்றும், கடைசித் தேதி முடிந்தபிறகு ஏற்றியது.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் படங்கள் பலவற்றில் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அச்சாகியிருந்தன. கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் (NAAC) மதிப்பீட்டில் ஐந்தாவது பிரிவு மாணவர் ஆதரவும் முன்னேற்றமும் பற்றியது. அதற்குச் சான்று வேண்டும் என்று ஜியோ டேக்கோடு படம் எடுப்போம். கோப்புக்கு எடுத்த அதே படத்தை அப்படியே இன்ஸ்டாகிராமிலும் ஏற்றிவிடுவோம். சான்று இருக்க வேண்டிய இடம் கோப்பு. பக்கத்தைத் திறந்து பார்க்கிற பிள்ளைக்கு அந்தப் படத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. இது ஐந்து வருடமாக எனக்கு உறைக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேலத்துக்காரருக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான் வந்தது.

பிற்பகலில் ஒரே பக்கத் திட்டம் எழுத வைத்தார்கள். யாரிடம் பேசுகிறோம், அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எந்த நேரத்தில் பார்ப்பார்கள், யார் தயாரிப்பது, பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது. ஆறு கேள்விகள், ஒரு ஏ4 தாள். "ஃபாலோயரைக் கூட்ட வேண்டும்" என்று இரண்டாவது கேள்விக்கு எழுதியவர்கள் எல்லோரையும், அந்த வரியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னார் பயிற்றுநர். "மார்ச்சுக்குள் இறுதியாண்டில் 60 பேர் ரெஸ்யூமே திருத்தி வாங்கியிருக்க வேண்டும்" என்பது மாதிரி, எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றார். நல்ல ஆசிரியர் அவர். ஒவ்வொருவர் மேசைக்கும் வந்து உட்கார்ந்து படித்தார்.

ஆனால் முதல் கேள்விக்கு அவர் கொடுத்த பட்டியலில் மாணவர், நிறுவனம், முன்னாள் மாணவர் என்று மூன்றே பேர். பெற்றோர் இல்லை. நான் எழுந்து கேட்டேன். "மேடம், இருபது வயசுல அவங்க அடல்ட். நாம அவங்ககிட்டதான் பேசணும்" என்றார். சென்னையிலோ கோவையிலோ அது நடக்கலாம். எங்கள் ஊரில் ஆஃபர் லெட்டர் வந்தபிறகுதான் உண்மையான இன்டர்வியூ வீட்டில் நடக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பி.எஸ்சி. கணிதம் படித்த ஒரு பெண்ணுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. வேலையில் சேர நான்கு நாள் இருக்கும்போது அவள் அப்பா கல்லூரிக்கே வந்தார். "பொட்டப்புள்ளைய அத்தன தொலவு எப்பிடிங்க மேடம் அனுப்பறது? எங்க தங்கும், யாருகூட தங்கும், ஒண்ணுமே தெரியலீங்களே." அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கே அதற்குப் பதில் தெரியாது. அதே நிறுவனத்தில் முந்தைய வருடம் சேர்ந்த எங்கள் மாணவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஞாயிற்றுக்கிழமை தன் ஹாஸ்டலில் இருந்தபடியே போனில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பினாள். ஒரு நிமிடம் பத்து நொடி. அறையில் எத்தனை பேர், வாடகை எவ்வளவு, ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் வண்டி எது வரைக்கும் கொண்டுவந்து விடும், ஊருக்குப் போக வெள்ளிக்கிழமை ராத்திரி எந்த ரயில். எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சில். அப்பா அதை நான்கைந்து தடவை பார்த்தாராம். உடனே சம்மதிக்கவில்லை. சென்னைக்குப் போய் ஹாஸ்டலை நேரில் பார்த்துவிட்டு வந்தார். பெண் அடுத்த பேட்ச்சில் சேர்ந்தாள்.

அந்த வீடியோ என் போனில் மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் நான் ஏற்றவே இல்லை. அந்த மாதம் நாங்கள் ஏற்றியவை பொன்னாடைப் படங்கள். இப்போது என் ஒரு பக்கத் திட்டத்தில் முதல் வரிசையில் மாணவர் பெயரும் பெற்றோர் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. எங்களைப் போல முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த கல்லூரிகளுக்குப் பாடம் எடுப்பதாக இருந்தால், இந்த நான்காவது ஆளை அவர்கள் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும்.

வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன் பற்றிய பாடம் அருமை. அதில் எனக்கு இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. புதிதாகப் பக்கம் தொடங்கும்போது நிறுவனமா கல்வி நிறுவனமா என்று கேட்கும். கல்வி நிறுவனம் என்று கொடுத்தால்தான் முன்னாள் மாணவர் பகுதி கிடைக்கும். அந்தப் பகுதியைத் திறந்தால், நம் கல்லூரியில் படித்ததாகத் தங்கள் பக்கத்தில் எழுதியிருப்பவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் என்று பிரித்துப் பிரித்துக் காட்டும். எங்கள் கல்லூரிப் பெயரை நான்கு விதமான எழுத்துக்கூட்டலில் எழுதியிருந்தார்கள். யாரோ ஒரு பழைய மாணவர் ஆரம்பித்துவிட்டுப் போன பக்கம் வேறு ஒன்று இருந்தது. அதையெல்லாம் ஒழுங்குபடுத்துவது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பெங்களூரில் மட்டும் எங்கள் பிள்ளைகள் நூற்றுக்கு மேல் இருக்கிறார்கள். எனக்கு அதுவரை தெரிந்தது ஆறு பேர். அதில் இரண்டு பேர் இப்போது தங்கள் நிறுவனத்தின் உள்பரிந்துரை வழியாக எங்கள் ரெஸ்யூமேக்களை உள்ளே சேர்க்கிறார்கள்.

முன்னாள் மாணவருக்கு எழுதும்போது எடுத்த எடுப்பில் "உங்கள் நிறுவனத்தில் வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று எழுதாதீர்கள், "ஜூனியர்களிடம் பதினைந்து நிமிடம் பேச முடியுமா" என்று கேளுங்கள் என்றார்கள். எழுதிப் பார்த்தேன். இருபது பேருக்கு எழுதி பதினொரு பேர் பதில் போட்டார்கள்.

ஆனாலும் இரண்டு நாளில் கிட்டத்தட்ட ஒரு முழு நாளை லிங்க்ட்இன் விழுங்கிவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவருக்கு அக்கவுன்ட்ஸ் பார்க்க ஆள் தேவை என்றால் லிங்க்ட்இன்னில் தேடமாட்டார். எனக்கு நேரே போன் செய்வார், இல்லை என் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு "அந்த டேலி தெரிஞ்ச பசங்க இருக்காங்களா மேடம்" என்று மெசேஜ் போடுவார். எங்கள் வணிகவியல் பிள்ளைகளில் பெரும் பகுதி திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும்தான் வேலைக்குப் போகிறார்கள். கணினித் துறைக்கு ஒரு பாதை, மெர்ச்சண்டைசிங், அக்கவுன்ட்ஸுக்கு இன்னொரு பாதை என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பொறியியல் கல்லூரிகளை மனதில் வைத்துத் தைத்த சட்டை எங்களுக்கு அங்கங்கே தொளதொளவென்று இருந்தது.

என் பெரிய குறை வாட்ஸ்அப் பற்றியது. அதைச் சமூக ஊடகமாகவே அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்கு, "அது உள் தொடர்பு, திட்டத்துக்கு வெளியே" என்றார்கள். என்னைக் கோவைக்கு வரவைத்ததே வாட்ஸ்அப்பில் நடந்த தவறுதான். எங்கள் மாணவர்களில் லிங்க்ட்இன்னைத் தினமும் திறப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். வாட்ஸ்அப் இல்லாத பிள்ளை ஒருவர்கூட இல்லை. வீட்டில் ஒரே போன் என்றாலும் அதில் வாட்ஸ்அப் இருக்கும், அதை அம்மாவும் பார்ப்பார்.

ஆகவே அவர்கள் கொடுத்த ஆறு கேள்விகளை வைத்து வாட்ஸ்அப் பகுதியை நானே எழுதினேன். குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடத்து மாணவிகளின் எண்களை ஒரே இடத்தில் கொட்டி வைப்பது எனக்கு எப்போதுமே உறுத்தல். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனலில் அந்தத் தொல்லை இல்லை. பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. அட்மின் மட்டும்தான் போட முடியும். புடவை நிறப் பேச்சு அங்கே நுழைய வழியே இல்லை. முன்னாள் மாணவரும் பெற்றோரும் அதே சேனலைப் பார்க்கலாம்.

சேனலுக்கு நானே மூன்று கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டேன். வாழ்த்துச் செய்தி கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு பதிவுக்கு மேல் போடுவதில்லை. ஒவ்வொரு பதிவிலும் முதல் வரியில் கடைசித் தேதி, இரண்டாவது வரியில் யார் விண்ணப்பிக்கலாம், அரியர் இருந்தால் பரவாயில்லையா என்பது வர வேண்டும். நிறுவனத்தின் பெருமை எல்லாம் அதற்குக் கீழே. பெயர் கொடுக்க இருபத்து நான்கு மணி நேரமாவது கொடுக்காத நிறுவனத்திடம் இப்போது நானே பேசி நேரம் வாங்குகிறேன். பிப்ரவரியில் என் தவறு அதுவும்தான். நான்கு மணி என்று அவர்கள் சொன்னதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன்.

பலித்ததா என்று தெரிந்துகொள்ள அவர்கள் சொல்லிக்கொடுத்த உபாயம் எளிமையானது, காசு செலவில்லாதது. மாணவர்கள் பெயர் கொடுக்கும் கூகுள் ஃபார்மில் கடைசியாக ஒரு கேள்வி: "இந்தச் செய்தியை எங்கே பார்த்தீர்கள்?" பயிற்சி முடிந்து வந்து நடத்திய முதல் டிரைவில், அதாவது ஆள் எடுப்பு முகாமில், 96 பேர் பெயர் கொடுத்தார்கள். வாட்ஸ்அப் சேனல் 51, வகுப்புப் பிரதிநிதி நேரில் சொன்னது 22, இன்ஸ்டாகிராம் 14, தோழியின் ஸ்டேட்டஸ் 9. லிங்க்ட்இன்னில் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்தக் கணக்கை நான்காவது வாரச் சந்திப்பில் காட்டினேன். பயிற்றுநர் எழுதிக்கொண்டார். அடுத்த முறை வாட்ஸ்அப்புக்கு ஒரு அமர்வு ஒதுக்குவதாகச் சொன்னார். ஒதுக்கினால் மகிழ்ச்சி. அந்த 22 பேரையும் கவனியுங்கள். வாய்வழிச் செய்திக்கு இன்றைக்கும் மதிப்பு இருக்கிறது. வகுப்புப் பிரதிநிதிகளை வாரம் ஒருமுறை பத்து நிமிடம் கூப்பிட்டுப் பேசுவதும் என் திட்டத்தில் இப்போது ஒரு வரி.

இன்ஸ்டாகிராமுக்கு அவர்கள் கொடுத்த டெம்ப்ளேட்டுகள் பார்க்க அழகு. கான்வாவில் திறந்து எழுத்தை மாற்றினால் போதும். ஆனால் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்துருவுக்காகச் செய்த பெட்டியில் தமிழைப் போட்டால் கொம்பும் சுழியும் வெளியே தள்ளுகின்றன. நாங்கள் புதிதாகவே செய்துகொண்டோம். இன்ஸ்டாகிராமில் பதிவுக்குக் கீழே எழுதும் இணைப்பு அழுத்தினால் திறக்காது, பயோவில் போட வேண்டும் என்பதைக்கூட அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை எத்தனை இணைப்புகளை வீணாகப் போட்டிருப்போம் என்று நினைக்கவே கஷ்டமாக இருந்தது.

என்ன போடுவது என்ற அமர்வில், "மாணவர் உங்களிடம் திரும்பத் திரும்ப வந்து கேட்கும் பத்துக் கேள்விகளை எழுதுங்கள், பத்து வாரத்துக்குப் பதிவு தயார்" என்றார்கள். நான் முதலில் எழுதியது: "மேம், வருஷத்துக்கு 2.4 லட்சம்னா மாசம் இருபதாயிரம் கைக்கு வருமா?" வராது. அந்தத் தொகை சி.டி.சி., அதாவது நமக்காக நிறுவனம் வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை; அதில் நிறுவனம் தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப்.பும் சேர்ந்திருக்கும், பல இடங்களில் பணிக்கொடையும் சேர்ந்திருக்கும். நம் பங்கு பி.எஃப். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் தனியாகப் பிடிப்பார்கள். சம்பளம் 21,000க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம். தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில்வரி. இதை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி, எங்கள் துறை மாணவனே பேசி, ஒரு ரீல் போட்டோம். எங்கள் பக்கத்தில் இதுவரை அதிகம் பகிரப்பட்டது அதுதான். இரண்டு அப்பாக்கள் போன் செய்து சந்தேகம் கேட்டார்கள்.

அரசுத் தேர்வு பற்றி நாம் எதற்குப் போட வேண்டும், அது நம் எண்ணிக்கையில் வராதே என்று அங்கே வந்திருந்தவர்களில் சிலர் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் குரூப் 4 கனவோடு இருக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய், ஐந்து ஆண்டு செல்லும் என்பதுகூடத் தெரியாமல் பிரவுசிங் சென்டரில் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை முகாம் எந்தக் கிழமை என்று தெரியாது. இதெல்லாம் எங்கள் சேனலில் வருகிறது, இனியும் வரும். ஒரு பிள்ளைக்கு வழி காட்டுவதுதான் என் வேலை, அது யார் கணக்கில் சேர்ந்தாலும் சரி.

பாதுகாப்புக்கு மொத்தம் பத்தே நிமிடம் ஒதுக்கினார்கள். இது எனக்கு வருத்தம். தேர்வான மாணவியின் முழுப் பெயர், படம், நிறுவனம், சம்பளம் எல்லாவற்றையும் ஒரே போஸ்டரில் போடுவது எல்லாக் கல்லூரிகளிலும் வழக்கமாகிவிட்டது. போன வருடம் ஒரு மாணவி வந்து, "மேம், அந்தப் போட்டோவ எடுத்துடுங்க மேம்" என்று அழுதாள். சம்பளத்தைப் பார்த்துவிட்டு உறவினர்கள் வீட்டுக்கு வந்து கடன் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். இன்னொரு பையன் நம் பதிவுக்குக் கீழே தன் போன் நம்பரை எழுதி "இன்ட்ரஸ்டட் சார்" என்று போட்டான். இரண்டே நாளில் எவனோ ஒருவன் ஹெச்.ஆர். என்று சொல்லிக் கூப்பிட்டு, ஆஃபர் லெட்டருக்கு 2,500 ரூபாய் டெபாசிட் கேட்டிருக்கிறான். நல்லவேளை, கட்டுவதற்கு முன் என்னிடம் கேட்டான்.

2023ஆம் ஆண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது சுயமாக, எதற்கு என்று தெரிந்து கொடுப்பதாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. திட்டமிடல் பாடம் எடுப்பவர்கள் இதைத் தொடாமல் இருக்கக் கூடாது. நான் திரும்பி வந்து முதலில் செய்த வேலை, அரைப் பக்கத்தில் தமிழில் ஒரு சம்மதப் படிவம். படம் போடலாமா, சம்பளம் போடலாமா, பெயர் மட்டும் போதுமா என்று தனித்தனிக் கட்டங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்பதில்லை. சம்பளத்தைப் போட வேண்டாம் என்றுதான் பெரும்பாலானவர்கள் குறித்தார்கள். மாதம் ஒருமுறை சேனலில் ஒரே வாசகத்தைத் திரும்பப் போடுகிறோம்: வேலைக்குப் பணம் கேட்டால் அது மோசடி, எங்களிடம் சொல்லுங்கள், பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

நாட்காட்டி அமர்வு எனக்குப் பொருந்தவில்லை. ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் ஒரு எக்செல் கோப்பு, அதில் உலக அந்த நாள், உலக இந்த நாள் என்று வரிசையாக நிரப்பியிருந்தார்கள். கல்லூரி வருடம் ஜூனில் பிறக்கிறது. நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு. அந்த வாரங்களில் நாம் என்ன போட்டாலும் எவரும் பார்க்கமாட்டார்கள், பார்க்கவும் கூடாது. பொங்கல் முடிந்து பிப்ரவரி, மார்ச்சில்தான் எங்களுக்கு நிறுவனங்கள் அதிகம் வருகின்றன. ஆகவே ஜூன், ஜூலையில் ரெஸ்யூமேவும் அரசின் 'நான் முதல்வன்' திறன் படிப்புகளும், ஆகஸ்ட், செப்டம்பரில் முன்னாள் மாணவர் வீடியோக்கள், டிசம்பரில் நேர்முகத் தேர்வுப் பயிற்சி என்று எங்கள் காலத்துக்கு ஏற்றபடி திரும்ப எழுதினேன். நேரமும் அப்படித்தான். கல்லூரிப் பஸ் 4.10க்குக் கிளம்பும். நாலேகால் முதல் ஐந்தரை வரை எல்லார் கையிலும் போன் இருக்கும். நான் இப்போது நாலு இருபதுக்குத்தான் போடுகிறேன்.

யார் செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் இன்னொரு நல்ல பகுதி. மாணவர்கள் மூன்று பேரை வைத்துச் செய்யுங்கள், ஆனால் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நிர்வகிக்கும் மெட்டா பிசினஸ் சூட்டில் பொறுப்பு பிரித்துக் கொடுங்கள் என்று படிப்படியாகக் காட்டினார்கள். எங்கள் முதல் ஃபேஸ்புக் பக்கம், அதை நடத்திய பையன் படிப்பை முடித்துப் போனதோடு போய்விட்டது. இன்றுவரை மீட்க முடியவில்லை. பக்கம் கல்லூரி மின்னஞ்சலில்தான் இருக்க வேண்டும், இரண்டு ஆசிரியர்களாவது அட்மினாக இருக்க வேண்டும் என்பதை எங்கள் முதல்வர் சுற்றறிக்கையாகவே போட்டுவிட்டார். பதிவுகளை ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வாரம் முழுக்க நேரம் குறித்து வைத்துவிடுகிறேன்.

ஒரு மாத ஆன்லைன் சந்திப்புகளில் முதலும் நான்காவதும் உருப்படியானவை. இரண்டாவதில் அவர்களுடைய அடுத்த கட்டப் பயிற்சியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். மூன்றாவது, சிக்னல் கோளாறால் அரை மணியில் முடிந்தது, வேறு நாளும் தரவில்லை. 5,310 ரூபாய் வாங்கியவர்கள் அதைச் சரிசெய்திருக்க வேண்டும்.

பொறியியல் கல்லூரியில் முழுநேரப் பிளேஸ்மென்ட் அலுவலராக இருப்பவர்கள் தயங்காமல் போகலாம், போட்ட காசு வரும். கலை அறிவியல் கல்லூரியில் என்னைப் போலக் கூடுதல் பொறுப்பில் இருப்பவர்கள் முதல் நாளுக்கு மட்டும் பணம் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அடுத்த பேட்ச்சில் பெருந்துறையிலிருந்து போன ஒருவருக்கு 2,500க்கு ஒரு நாள் மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். போவதற்கு முன் உங்கள் பக்கத்தின் கடைசி 30 பதிவுகளை அச்செடுத்துக்கொள்ளுங்கள், அங்கே வைஃபை மெதுவாக இருந்தது. கடந்த வருடம் வேலைக்குச் சேராமல் விட்டவர்களின் பட்டியலும், ஒவ்வொருவரும் ஏன் சேரவில்லை என்ற காரணமும் கையோடு இருக்கட்டும். முதல் கேள்வியை எழுதும்போது அது வேண்டியிருக்கும்.

அந்த பி.காம். சி.ஏ. பெண் மார்ச்சில் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தாள். சேனலில் அவள்தான் முதல் ஆளாகச் சேர்ந்தவள். இப்போது தன் அலுவலகத்தில் ஆள் தேவைப்பட்டால் எனக்கு முன்கூட்டியே சொல்கிறாள்.